குளிர் காலத்தில் மூடப்படும் ஜன்னல்கள்: மைசூரு வீடுகளில் கெய்சரும் கரி அடுப்பும் உயிரைப் பறிப்பது எப்படி?

மைசூரு: மைசூரு மாவட்டம் பிரியாபட்டணாவில், 2025 அக்டோபர் மாதம் குளிக்கச் சென்ற சகோதரிகள் இருவர் குளியலறைக்குள்ளேயே மயங்கி விழுந்து உயிரிழந்தனர். எரிவாயு கெய்சரில் இருந்து வெளியான வாயுவைச் சுவாசித்ததே காரணம் எனத் தெரியவந்தது. அடுத்த மாதமே கர்நாடகத்தின் வட எல்லையில் உள்ள பெலகாவியில், குளிருக்காக அறைக்குள் கரியைப் பற்றவைத்து, கதவைச் சாத்திவிட்டு உறங்கிய இளைஞர்கள் மூவர் இறந்தனர். இரு சம்பவங்களிலும் குளிர் யாரையும் கொல்லவில்லை. எரியும் பொருளோடு காற்றோட்டமற்ற அறைக்குள் இருந்ததே உயிரைப் பறித்தது.

கடல் மட்டத்தில் இருந்து சுமார் 770 மீட்டர் உயரத்தில் உள்ள மைசூருவில் டிசம்பர், ஜனவரி மாத இரவுகளில் வெப்பநிலை சராசரியாக 16 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும். 2012 ஜனவரியில் அது 7.7 டிகிரி வரை சரிந்தது. வட இந்தியக் குளிரோடு ஒப்பிட்டால் இது பெரிதல்ல. ஆனால் இங்குள்ள வீடுகள் காற்று வந்து போவதற்காகக் கட்டப்பட்டவை. சூட்டைத் தேக்கிவைப்பதற்காக அல்ல. ஆகவே அக்டோபர் மழை ஓய்ந்ததும் வீட்டில் நடக்கும் முதல் மாற்றம், ஜன்னல்கள் மூடப்படுவதுதான். குளியலறைச் சுவரின் மேல்பகுதியில் உள்ள வென்டிலேட்டரில் செய்தித்தாளைத் திணிப்பதும், பிளாஸ்டிக் தாளை ஒட்டுவதும், கதவின் அடி இடுக்கில் பழந்துணியை வைப்பதும் பல வீடுகளில் வழக்கம். வெந்நீரின் சூடு வெளியேறாமல் இருக்கச் செய்யும் இந்த ஏற்பாடுதான் ஆபத்தின் தொடக்கம்.

பழைய வீடுகளில் இருந்த பாதுகாப்பு

விறகு எரித்து வெந்நீர் காய்ச்சுவது பழைய மைசூரு வட்டாரத்துக்குப் புதிதல்ல. தீபாவளியையொட்டிக் குளியலறை அண்டாவைத் தேய்த்துக் கழுவி, புதுநீர் நிரப்பி, பொட்டிட்டு வைக்கும் நாளைக் கன்னடத்தில் 'நீரு தும்புவ ஹப்ப', அதாவது நீர் நிரப்பும் பண்டிகை என்றே அழைக்கின்றனர். அந்த அண்டாவின் அடியில் விறகுதான் எரிந்தது. எனினும் ஓட்டுக்கூரையின் இடைவெளிகளும் புகைபோக்கியும் இருந்தன. புகை கண்ணை எரித்து முன்கூட்டியே எச்சரித்தது. இன்றைய கான்கிரீட் வீட்டின் குளியலறைக்கு அந்த இடைவெளிகளும் இல்லை, எரிவாயு கெய்சருக்குக் கண்ணை எரிக்கும் புகையும் இல்லை.

எரிவாயு கெய்சர் பரவலானதற்குக் காரணங்கள் எளியவை. மின்வெட்டு அதைப் பாதிப்பதில்லை. குழாயைத் திறந்த சில நொடிகளில் வெந்நீர் வரும். வாடகை வீட்டில் தனி மின் இணைப்பு இழுக்காமலேயே பொருத்திக்கொள்ளலாம். கெய்சரைத் திறந்த வெளியில் அமைத்து, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவந்தால் இதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் பல வீடுகளில் அது குளிப்பவரின் தலைக்கு மேலேயே மாட்டப்படுகிறது.

ஒரு குளியலறையின் கணக்கு

ஐந்தடி அகலமும் ஏழடி நீளமும் எட்டடி உயரமும் கொண்ட குளியலறையில் சுமார் 8 கன மீட்டர் காற்று இருக்கும். நிமிடத்துக்கு 6 லிட்டர் நீரைச் சூடாக்கும் கெய்சர் முழு வேகத்தில் எரிந்தால், மணிக்கு ஏறத்தாழ 900 கிராம் சமையல் எரிவாயுவைச் செலவிடும். ஒரு கிலோ எரிவாயு முழுமையாக எரிய 12 கன மீட்டருக்கு மேல் காற்று வேண்டும். அதாவது, கால் மணி நேரக் குளியலில் கெய்சருக்கு மட்டும் சுமார் 3 கன மீட்டர் காற்று தேவைப்படுகிறது. வெளிக்காற்று வர வழியில்லாத அறையில், இருக்கும் ஆக்சிஜனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீர்ந்துபோகும்.

உண்மையில் அந்த அளவுக்குக் குறையும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. காற்றில் 21 சதவீதமாக உள்ள ஆக்சிஜன் சில புள்ளிகள் இறங்கினாலே எரிதல் முழுமையடையாது. முழுமையாக எரியும் கார்பன், கார்பன் டை ஆக்சைடாகும். அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடாகும். பின்னதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுடன், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக அது ஒட்டிக்கொள்கிறது. மூச்சு சீராக வந்துகொண்டிருக்கும்போதே மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிஜன் சென்றுசேராது.

சமையல் எரிவாயு கசிந்தால் மூக்கு காட்டிக்கொடுத்துவிடும் என்ற நம்பிக்கை இங்கே உதவாது. எரிவாயுவின் துர்நாற்றம், கசிவை உணர்த்துவதற்காக அதில் சேர்க்கப்படும் மெர்காப்டன் என்ற வேதிப்பொருளுடையது. பர்னரில் எரியும்போது அந்த நாற்றமும் எரிந்துவிடுகிறது. மிஞ்சும் கார்பன் மோனாக்சைடை எந்த மூக்கும் அறியாது.

கசிவு என்பது வேறொரு ஆபத்து. மைசூரு யரகனஹள்ளியில் 2024 மே மாதம், சலவை செய்த துணிகளுக்கு இஸ்திரி போடும் தொழில் செய்துவந்த குடும்பத்தினர் நால்வர் வீட்டுக்குள் இறந்து கிடந்தனர். ஜன்னல்கள் மூடியிருந்த சிறிய வீட்டில் சிலிண்டரில் இருந்து எரிவாயு கசிந்திருந்தது தெரியவந்தது. அது கோடை காலம் என்பதைக் கவனிக்க வேண்டும். காற்றைவிடக் கனமான இந்த வாயு தரைமட்டத்தில் தேங்கும். பாயில் படுத்திருப்பவர்களே முதலில் அதற்குள் மூழ்குவர்.

வலிப்பு எனத் தவறாகக் கருதப்படும் மயக்கம்

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், தெளிவற்ற பேச்சு ஆகியவை கார்பன் மோனாக்சைடு நச்சின் தொடக்க அறிகுறிகள். இவை ஜலதோஷத்துக்கும் பித்தத்துக்கும் பொதுவானவை என்பதால் பெரும்பாலும் அலட்சியப்படுத்தப்படுகின்றன. குளியலறையில் விழுந்து கிடப்பவருக்கு வலிப்பு என்றோ மாரடைப்பு என்றோ குடும்பத்தினர் முடிவுகட்டுவதும் உண்டு. இப்படி வலிப்புடன் வருவோரைப் பற்றி மருத்துவ இலக்கியத்தில் 'கேஸ் கெய்சர் சிண்ட்ரோம்' என்ற பெயரிலேயே பதிவுகள் உள்ளன.

கொரோனா காலத்தில் வீடுதோறும் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் இங்கே ஏமாற்றும். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஏறியதாகவே கணக்கிட்டு, அந்தக் கருவி இயல்பான எண்ணைக் காட்டக்கூடும். ஆகவே, வீட்டில் கெய்சரோ கரி அடுப்போ எரிந்துகொண்டிருந்தது என்பதை மருத்துவரிடம் முதலிலேயே கூறுவது அவசியம். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் உள்ள இந்த நச்சு பாதியாகக் குறைய 4 முதல் 5 மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜன் செலுத்தினால் அது ஒன்றரை மணி நேரத்துக்குள் சுருங்குகிறது.

மயங்கியவரை மீட்கச் செல்பவர் முதலில் கதவையும் ஜன்னல்களையும் திறந்து, சிலிண்டரை மூடி, அவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவர வேண்டும். எரிவாயு வாடை இருந்தால் எந்த மின் சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. ஆம்புலன்சுக்கு 108, அவசர உதவிக்கு 112, எரிவாயுக் கசிவைத் தெரிவிக்க 1906 ஆகிய எண்களை அழைக்கலாம்.

கரிக்கு இடம் வெளியேதான்

கொடைக்கானலில் 2024 ஆகஸ்டில் விடுதி அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு உறங்கிய திருச்சியைச் சேர்ந்த இருவர் இறந்தனர். நேபாளத்தின் தாமனில் 2020 ஜனவரியில், எரிவாயு ஹீட்டர் வைத்து மூடிய அறையில் தங்கிய கேரளச் சுற்றுலாப் பயணிகள் எட்டுப் பேர் உயிரிழந்தனர். அவர்களில் நால்வர் குழந்தைகள். தழல் அடங்கிச் சிவந்திருக்கும் கங்கில் புகை இல்லாததால் அது பாதுகாப்பானது என்று தோன்றும். ஆனால் கார்பன் மோனாக்சைடு வெளியாவதற்குப் புகை தேவையில்லை. பிள்ளை பெற்ற பெண்ணின் அறையில் கங்குச் சட்டி வைக்கும் வழக்கமுள்ள வீடுகள், சாம்பிராணி போட்டு முடிந்ததும் சட்டியை வெளியே எடுத்துவிட்டு அறையைத் திறந்து வைக்க வேண்டும். தாயைவிட வேகமாக மூச்சுவிடும் பச்சிளங்குழந்தையே அங்கு முதலில் பாதிக்கப்படும்.

என்ன செய்யலாம்?

எரிவாயு கெய்சரையும் சிலிண்டரையும் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் பொருத்துவதே முழுமையான தீர்வு. அது உடனடியாக முடியாதவர்கள், வாளியில் நீரை நிரப்பி, கெய்சரை அணைத்துவிட்டு, அறை காற்றாடிய பிறகு குளிக்கலாம். அடுத்தடுத்து இருவர் மூவர் குளிக்கும் காலை நேரத்தில் இந்த இடைவெளி இன்னும் முக்கியம். எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் போதாது. கதவின் அடியில் காற்று நுழைய வழி இல்லாவிட்டால் அதனால் எதையும் வெளியேற்ற முடியாது. நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாகத் தெரிந்தாலோ, கெய்சரின் மேற்பகுதியில் கரி படிந்தாலோ, பழுது பார்க்கும் வரை அதைப் பயன்படுத்தக் கூடாது. சிலிண்டரின் ரப்பர் குழாயை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

மின்சார கெய்சருக்கு மாறுவோருக்கு இந்த நச்சு பற்றிய கவலை இல்லை. எர்த் இணைப்பும், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவியும் சரியாக உள்ளனவா என்பதை மின் பணியாளரிடம் சோதித்துக்கொண்டால் போதும். வாளியில் போடும் ஹீட்டர் ராடை, சுவிட்சை அணைத்து பிளக்கைக் கழற்றும் முன் நீரைத் தொடக் கூடாது. மாடியில் வெயில் படும் சொந்த வீடுகளுக்குச் சூரிய சக்தி வெந்நீர்க் கருவி பொருந்தும்.

மாணவர்களும் பணிக்காக வந்தவர்களும் பகிர்ந்து வாழும் வாடகை வீடுகளில், கெய்சரை யார் இடம் மாற்றுவது என்பது உரிமையாளருக்கும் குடியிருப்போருக்கும் இடையே இழுபறியாகவே நீடிக்கிறது. வேலை என்னவோ சிறியதுதான். கெய்சரைச் சுவரின் மறுபக்கத்தில் உள்ள பால்கனிக்கோ துணி துவைக்கும் இடத்துக்கோ நகர்த்தி, சுவரில் துளையிட்டு, சில அடி நீளத்துக்கு வெந்நீர்க் குழாயை நீட்ட வேண்டும். சூடான நீர் வந்துசேர இன்னும் சில நொடிகள் கூடுதலாகும்.