எண்ணெய் கெடுவது எங்கே?

"உங்கள் கடை எண்ணெய் காறுகிறது" என்று வாடிக்கையாளர் வந்து நிற்கும்போது, செக்குக்காரர் மீதோ மொத்த வியாபாரி மீதோ பழியைப் போட்டுவிடுகிறோம். சரக்கில் கோளாறு இருந்தால் கேட்கத்தான் வேண்டும். ஆனால் நல்ல எண்ணெயும் நம் கடை வாசலிலோ வாங்கியவர் அடுப்படியிலோ கெடுவதுண்டு.

எண்ணெய்க்குப் பகை நான்கு: காற்று, வெளிச்சம், சூடு, உலோகம். காற்றிலுள்ள பிராணவாயு எண்ணெயோடு சேர்வதால்தான் சிக்கு வாடை வருகிறது. வெயிலும் அடுப்பு வெக்கையும் அதை விரைவுபடுத்தும். செம்பும் துருப்பிடித்த தகரமும் பட்டால் இன்னும் சீக்கிரம். ஆகவே பாக்கெட்டுகளை வாசல் வெயிலில் அடுக்கி வைக்காதீர்கள். முதலில் வந்த சரக்கை முதலில் விற்றுவிடுங்கள்.

வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டியவை சில. எண்ணெயை மூடியுள்ள எவர்சில்வர் தூக்கில், அடுப்பை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். பழைய எண்ணெய் மீது புதியதை ஊற்றக் கூடாது. அடியில் தங்கிய காறல் புதியதையும் கெடுத்துவிடும். தூக்கைக் கழுவி, ஈரம் போகக் காயவைத்தே நிரப்ப வேண்டும். நல்லெண்ணெய் மற்றவற்றைவிட அதிக நாள் தாங்கும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் உறைந்திருந்தால் அது கலப்படமல்ல என்று விளக்குங்கள்.

நம் ஊர் கடற்காற்றில் ஈரம் அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் ரவை, கடலைமாவு ஆகியவற்றைக் கொஞ்சமாக வாங்கச் சொல்லுங்கள். புளியைப் பீங்கான் ஜாடியில் வைப்பது நல்லது. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையை மட்டும் எறிந்துவிட வேண்டும். அதிலுள்ள அஃப்ளடாக்சின் நஞ்சு வறுத்தாலும் முழுவதும் போகாது.

கடையிலும் மூட்டைகளைக் கட்டை மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள். 2015 டிசம்பரில் அடையாறு பெருகிக் கோட்டூர்புரம், சைதாப்பேட்டைக்குள் புகுந்ததை மறக்க முடியுமா?

1998-இல் டெல்லியில் கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்து, 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சில்லறையாக ஊற்றி விற்பதற்குத் தடை வந்தது அதன் பின்னரே. 2011 விதிமுறைகளிலும் அத்தடை உண்டு. அளந்து ஊற்றும் பழக்கத்தை இன்னும் விடாதவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

குறைவாக வாங்கச் சொன்னால் வியாபாரம் படுத்துவிடாது. கெடாத பொருளை வாங்கியவர் அடுத்த மாதமும் நம் கடைப் படிதான் ஏறுவார்.