லிங்கன் உறங்காத "லிங்கன் படுக்கை அறை"!

அமெரிக்க ஜனாதிபதி வசிக்கும் வெள்ளை மாளிகையின் மாடியில் ஓர் அறை இருக்கிறது. அதற்கு "லிங்கன் படுக்கை அறை" என்று பெயர். உள்ளே பெரிய மரக் கட்டில்.

ஆகா, லிங்கன் படுத்து உறங்கிய இடம் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை! அது அவருடைய அலுவலக அறை. மந்திரிசபை கூடியதும் அங்கேதான்.

1863-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி. புத்தாண்டு வாழ்த்துச் சொல்ல வந்தவர்களுடன் பல மணி நேரம் கை குலுக்கிவிட்டு, லிங்கன் இந்த அறைக்கு வந்தார். மேஜை மீது ஒரு பிரகடனம் இருந்தது. கலகம் செய்த தென் மாநிலங்களின் அடிமைகளுக்கு விடுதலை அளிக்கும் பிரகடனம்!

பேனாவை எடுத்தார். களைத்துப்போன கை நடுங்கியது. எழுத்து கோணலாக விழுந்தால், "தயங்கித் தயங்கிப் போட்ட கையெழுத்து" என்று பின்னால் வருகிறவர்கள் நினைப்பார்களே! பேனாவைக் கீழே வைத்தார். சற்றுப் பொறுத்து, நிதானமாகக் கையெழுத்திட்டார்.

அப்படிப்பட்ட இடம் எப்படிப் படுக்கை அறை ஆயிற்று?

1902-ல் ஜனாதிபதியின் அலுவலகங்கள் வேறு கட்டிடத்துக்குப் போய்விட்டன. பிறகு 1945-ல், ட்ரூமன் ஜனாதிபதியாக இருந்தபோது, லிங்கன் காலத்து நாற்காலி மேஜைகளை இங்கே சேர்த்தார்கள். லிங்கனின் மனைவி 1861-ல் விருந்தினர் அறைக்காக வாங்கிய கட்டிலும் வந்து சேர்ந்தது. பெயரும் ஒட்டிக்கொண்டது. 1948 முதல் 1952 வரை வெளிச் சுவர்களை மட்டும் விட்டுவிட்டு, மாளிகையின் உட்புறத்தையே புதிதாகக் கட்டினார்கள்!

இந்த அறையைப் பற்றிக் கலைக்களஞ்சியத்தில் எழுதுகிறவர் என்ன பெயர் வைப்பார்? "லிங்கன் அலுவலகம்" என்று போட்டால், தேடுகிறவர் கண்ணில் படாது. ஊரறிந்த பெயரையே தலைப்பாகப் போடவேண்டியதுதான். ஆனால், முதல் வரியிலேயே உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

படம்தான் பெரிய வம்பு. கட்டிலை மட்டும் படம் பிடித்துப் போட்டால், பார்க்கிற குழந்தை என்ன நினைக்கும்? நல்ல வேளை, கார்ப்பென்டர் என்ற ஓவியர் 1864-ல் வெள்ளை மாளிகைக்கே வந்து ஒரு பெரிய சித்திரம் தீட்டினார். பிரகடனத்தின் நகலை மந்திரிகளுக்கு லிங்கன் படித்துக் காட்டும் காட்சி. இடம், இதே அறை! கட்டில் படத்தின் பக்கத்தில் இதையும் போட்டு, இரண்டின் கீழும் ஆண்டைக் குறித்துவிடலாம்.

கீழே உள்ள "நீல அறை"க்கும் இதே கதைதான். அது நீலமானதே 1837-ல்தான்!