பங்குச் சந்தை வருவாய் முன்கணிப்பு

பங்குச் சந்தை வருவாய் முன்கணிப்பு என்பது கடந்தகாலத் தரவுகளையும் புள்ளியியல் மாதிரிகளையும் கொண்டு பங்குகளின் வருங்கால வருவாயை மதிப்பிடும் முயற்சியாகும். விலை ஏற்ற இறக்கமும் ஈவுத்தொகையும் சேர்ந்ததே வருவாய் எனப்படும்.

வரலாறு

1900ஆம் ஆண்டு பாரிசில் லூயி பாசெலியே தமது முனைவர் பட்ட ஆய்வேட்டில் விலை மாற்றங்களை நிகழ்தகவு கொண்டு ஆராய்ந்தார். 1933இல் அமெரிக்கரான ஆல்ஃப்ரெட் கௌல்ஸ், 16 நிதிச் சேவை நிறுவனங்களின் பங்குப் பரிந்துரைகளைச் சோதித்தார். அவற்றின் சராசரிப் பலன் சந்தையின் பொதுச் சராசரியைவிடக் குறைவாகவே இருந்தது. கிடைக்கும் தகவல்கள் ஏற்கெனவே விலையில் அடங்கிவிடுகின்றன என்னும் திறன்மிகு சந்தைக் கருதுகோளை 1970இல் யூஜின் ஃபாமா தொகுத்து விளக்கினார்.

ஈவுத்தொகை விகித மாதிரி

ஈவுத்தொகையைப் பங்கு விலையால் வகுத்தால் கிடைப்பது ஈவுத்தொகை விகிதம். 1988இல் ஜான் கேம்பெல், ராபர்ட் ஷில்லர் ஆகியோர் இதனை விரிவாக ஆராய்ந்தனர். மாதிரியின் எளிய வடிவம்:

அடுத்த ஆண்டு வருவாய் = அ + (ஆ × இன்றைய விகிதம்) + பிழை

அ, ஆ ஆகியவை பழைய தரவுகளிலிருந்து கணக்கிடப்படும் மாறிலிகள். விகிதம் உயர்ந்திருந்தால், ஈவுத்தொகையை நோக்க விலை மலிவாக உள்ளது என்று பொருள். அத்தகைய காலங்களுக்குப் பின் நீண்டகால வருவாய் கூடுதலாக அமையும் போக்கு அமெரிக்கத் தரவுகளில் காணப்பட்டது. ஆயினும் ஒரு மாத வருவாயைக் கணிப்பதில் ‘பிழை’ என்னும் உறுப்பே பெரும்பங்கு வகிக்கிறது.

மாதிரியைச் சோதித்தல்

பழைய தரவுகளுக்குப் பொருந்துவது மட்டும் ஒரு மாதிரிக்குச் சான்றாகாது. விடைத்தாளைப் பார்த்து எழுதிய தேர்வு போன்றது அது. கணிக்கும் நாள்வரை கிடைத்த தரவுகளை மட்டுமே பயன்படுத்திச் சோதிக்க வேண்டும். இவ்வாறு பல மாதிரிகளைச் சோதித்த இவோ வெல்ச், அமித் கோயல் ஆகியோர், அவற்றில் பெரும்பாலானவை பழைய வருவாயின் எளிய சராசரியைக்கூட வெல்லவில்லை என 2008இல் காட்டினர். தகுந்த கட்டுப்பாடுகளை விதித்தால் சிறிதளவு பயன் உண்டு என்று கேம்பெல், சாமுவேல் தாம்சன் ஆகியோர் அதே ஆண்டில் வாதிட்டனர்.

தற்செயல் வெற்றி

1024 பேர் தனித்தனியே நாணயம் சுண்டி, சந்தை ஏறுமா இறங்குமா என 10 நாள் கணிப்பதாகக் கொள்வோம். ஒருவர் பத்து நாளும் சரியாகச் சொல்வதற்கான நிகழ்தகவு 1/1024. ஆகவே, எவ்விதத் திறமையும் இன்றிச் சராசரியாக ஒருவர் பத்துக்குப் பத்து பெறுவார். அவருடைய வெற்றி மட்டும் விளம்பரமானால், தோற்ற ஏனையோர் நம் கண்ணில் படமாட்டார்கள். எனவே ஒரு கணிப்பை நம்பிப் பணம் போடுமுன், தவறிய கணிப்புகள் எத்தனை என்று கேட்பது அவசியம்.

2013ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசு ஃபாமா, ஷில்லர், லார்சு பீட்டர் ஆன்சன் மூவருக்கும் வழங்கப்பட்டது. ஃபாமாவும் ஷில்லரும் இப்பொருளில் மாறுபட்ட கருத்துடையவர்கள்.