காமன் வீட்டுச் சாவு

பண்டாரவளையிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கனடாவில் இருக்கும் அவருடைய மகன் வார இறுதிகளில் நுரையால் செய்த வாளைக் கட்டிக்கொண்டு ஒரு கூட்டத்தோடு காட்டுக்குள் போகிறாராம். அங்கே ஒருவர் அரசன், ஒருவர் வைத்தியர், ஒருவர் கொள்ளைக்காரர். இரண்டு நாளும் அந்த ஆளாகவே நடந்து, பேசி, சாப்பிட்டுத் திரும்புகிறார்கள். கூட்டத்தில் ஒருவர் இறந்துபோக, வேடத்தைக் கலைக்காமலே அஞ்சலி செய்து, காசு சேர்த்து வீட்டாரிடம் கொடுத்தார்களாம். "படித்த பிள்ளைகள் செய்கிற வேலையா இது?" என்று கேட்கிறார்.

இந்த ஆட்டத்துக்கு லார்ப் என்று பேர். 1982இல் இங்கிலாந்தின் பெக்ஃபோர்டன் கோட்டையில் 'ட்ரெஷர் ட்ராப்' என்ற கூட்டம் இதை ஆடத் தொடங்கியது. இன்று பல நாடுகளிலும் இதை ஆடுகிறார்கள். மேடை கிடையாது, பார்வையாளர் கிடையாது. வந்தவர் எல்லோருக்கும் ஒரு வேடம் உண்டு, அந்த வேடத்துக்கு ஒரு கடமையும் உண்டு. ஐயா, இதைக் கண்டு நீங்கள் அதிசயப்படக் கூடாது. உங்களைச் சுற்றியுள்ள ஊவாத் தோட்டங்களில் மாசி பிறந்தால் நடக்கிற காமன் கூத்தும் இதுதானே!

மன்மதன் சிவனின் தவத்தைக் கலைக்கப் போய் எரிந்த கதை எல்லோருக்கும் தெரியும். காமன் கூத்து அந்தக் கதையை ஆடுகிற முறைதான் தனி. மாசி அமாவாசை கழிந்து பிறை தெரிந்ததும் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றிக் காப்புக் கட்டுவார்கள். அன்றிலிருந்து தோட்டமே இரண்டாகப் பிரிந்து ஒரு பக்கம் பெண் வீடு, மறு பக்கம் மாப்பிள்ளை வீடு. ரதிக்கும் மதனுக்கும் கல்யாணம் என்றால் சீர்த்தட்டு நிஜமாகவே வரும். இரவுகளில் ரதியும் மதனும் தப்புப் பறைக்கு ஆடியபடி, வரிசை வீடுகளான லயங்கள்தோறும் வருவார்கள். வாசலில் அரிசியும் எண்ணெயும் காசும் விழும். தூதன், இந்திரன், தக்கன், வீரபத்திரன், எமன், குறவன், குறத்தி என்று வேடங்கள் ஏராளம். பல வேடங்கள் நேர்த்திக்கடன். சில பரம்பரையாக வருபவை. ரதி பெரும்பாலும் ஆண்தான். பகலில் கவ்வாத்து வெட்டிய அதே கைகள் இரவில் வளையல் போட்டிருக்கும்.

எனக்குப் பிடித்த இடம் தகனம் முடிந்த பிறகு வருவது. பௌர்ணமியை ஒட்டிய இரவில், விடியப்போகும் நேரத்தில், கம்பத்துக்குத் தீ வைப்பார்கள். அதுவரை கல்யாணத்துக்கு அடித்த தப்பு, அங்கே அடியை மாற்றும். நிஜச் சாவு வீட்டில் கேட்கிற அடி அது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எந்த வீட்டில் யார் போனது என்று மனம் பதறும். ரதி பூவை அறுத்து, வளையலை உடைத்து ஒப்பாரி வைப்பார். பொட்டலின் ஓரத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு நிற்கிற பெண்களைப் பாருங்கள். அந்த வருடம் ஆளைப் பறிகொடுத்த வீட்டுக்காரி ரதியோடு சேர்ந்து குரல் எடுப்பாள். இரண்டு அடி போனதும் மதனின் பேர் மறைந்து அவள் புருஷனின் பேர் வந்துவிடும். பக்கத்தில் நிற்பவள் அவள் தோளைப் பிடித்துக்கொள்வாள். யாரும் தடுக்கமாட்டார்கள். மூன்றாம் நாள் சாம்பல் கிடக்கிற இடத்துக்குப் போய்ச் சடங்கு செய்து காமனுக்கு உயிர் எழுப்புவார்கள். நிஜச் சாவுக்குப் பால் ஊற்றுவதும் மூன்றாம் நாள்தான்.

யோசித்தால் இது விசித்திரமான சாவு. உடலே இல்லை, எரிந்தது ஒரு கம்பம். ஆனால் செய்தி சொல்லப் போகிறவர், தப்படிக்கிறவர், அழுகிறவர், தேற்றுகிறவர், மூன்றாம் நாளுக்கு வருகிறவர் எல்லோரும் அவரவர் இடத்தில் நிற்கிறார்கள். ஒரு தோட்டம் வருடத்துக்கு ஒரு முறை சாவு வீட்டு வேலையை இப்படிப் பழகிக்கொள்கிறது என்பது என் எண்ணம்.

அந்தப் பழக்கத்தின் மறு பாதி மரண உதவிச் சங்கத்தின் கொப்பியில் இருக்கிறது. மாதச் சந்தா சிறு தொகைதான். ஒரு வீட்டில் சாவு என்றால் சங்கத்துக் கூடாரமும் கதிரைகளும் முதலில் வந்து இறங்கும். ஏன் கூடாரம்? 10 அடிக்கு 12 அடி லயத்துக் காம்பராவில் ஒரு பெட்டியை வைத்துவிட்டால் பெற்ற பிள்ளை நிற்கவும் இடமிருக்காது. பெட்டிக்குக் காசு, குழி வெட்ட ஆள், அயல் தோட்டத்துக்குச் செய்தி எல்லாம் முறை வைத்து நடக்கும். சாவு வீட்டில் அடுப்பு எரியாது; பக்கத்துக் காம்பராக்களிலிருந்து சோறும் தேத்தண்ணியும் வரும். வீட்டுக்கு ஓர் ஆள் வராவிட்டால் தண்டம் போடுகிற சங்கங்களும் உண்டு. கையில் காசில்லாத சனம் கண்டுபிடித்த காப்புறுதி இது.

கூத்தாடிகளுக்குள் இது இன்னும் நெருக்கமாக இருக்கும். எமன் வேடக்காரர் இறந்தால் மாசிவரை அந்த இடம் காலி. பிறகு மகனோ தங்கை மகனோ காப்புக் கட்டிக்கொள்வார். தோட்டத்துப் பேர்ப் பதிவேடான செக்ரோலில் என் அம்மாவின் பேர் வெட்டுப்பட்ட வரியிலேயே அக்காவின் பேர் ஏறிய மாதிரி, ஆள் மாறினாலும் வரி அழிவதில்லை. புதியவர் முதலில் பழைய எமனின் வாசலில் போய்த்தான் ஆடுவார். அந்த வீட்டுக்கு ஆகவேண்டியதைச் செய்யும் பொறுப்பும் வேடத்தோடு சேர்ந்தே வருகிறது.

ஆனால் எடுத்துக்கட்ட ஆளில்லாமல் வரிகள் அழிந்த காலமும் உண்டு. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தோட்டச் சனத்தைப் பங்கு போட்டார்கள். பிறகு பதுளையிலிருந்து புறப்பட்ட ரயில்களில் மதன் ஒரு பெட்டியில் ஏற, ரதி பிளாட்பாரத்தில் நின்றார். அழுகைக் கோச்சி என்று அதற்குப் பேர் வைத்தார்கள். பாட்டு முழுவதும் தெரிந்த கூத்து மாஸ்டர்களும் அதில் போனார்கள்.

2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. கம்பத்துக்கு அழப் பழகிய சனத்துக்கு, உடல் இல்லாத நிஜச் சாவுக்கு அழ நேர்ந்தது. தப்பியவர்கள் கொஸ்லந்தை, பூணாகலைப் பாடசாலைகளில் தங்கினார்கள். நாடெங்குமிருந்து உதவி வந்தது. ஆனால் அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. பாடசாலைகளிலிருந்து பழைய தேயிலைத் தொழிற்சாலைக்கு மாறி, அங்கே அடைந்து கிடந்தவர்களுக்குப் புது வீடு கிடைக்க இரண்டு வருடம் ஆனது. சாவுக்குத் தோள் கொடுப்பதை நாங்கள் அறிவோம். சாவைத் தடுக்கவேண்டியவர்கள் தங்கள் வேடத்தை ஏற்கவே இல்லை.

நம் பக்கத்துப் பிழைகளும் உண்டு. தப்பில்லாமல் காமனும் இல்லை, சாவும் இல்லை. ஆனாலும் தப்படிக்கிறவருக்குத் தேத்தண்ணியைத் தனிக் கோப்பையில் நீட்டிய தோட்டங்கள் இருந்தன. இப்போது கலை விழாக்களில் காமன் கூத்தைப் பத்து நிமிட நடனமாகச் சுருக்கி, மினுக்கு உடை போட்டு, பொன்னாடை போர்த்துகிறார்கள். கல்யாணமும் இல்லை, தகனமும் இல்லை, மூன்றாம் நாளும் இல்லை. இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட, மாசியில் லீவு கிடைக்காமல் பல பொட்டல்களில் புல் முளைத்திருக்கிறது. இதைக் கலை அழிகிறது என்று மட்டும் பேசினால் போதாது. ஒருவர் வீட்டு வாசலில் மற்றவர் போய் நிற்கிற பழக்கம் சேர்ந்து அழிகிறது.

தோட்டங்களில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மரண உதவிச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானம் போடுங்கள். ஒன்று, தோட்டத்தில் மிஞ்சியிருக்கிற கூத்து மாஸ்டரை உட்காரவைத்து, காமன் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை கைத்தொலைபேசியில் பதிவு செய்வது. மற்றது, சந்தாவில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்து, நோயாளியைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனக் கூலி கொடுப்பது. செத்தவருக்கு இவ்வளவு ஒழுங்காகச் செய்கிற சங்கத்தால், உயிரோடிருப்பவருக்கும் செய்ய முடியும்.