பொதுக் கணினியும் பிறரன்பும்



தமிழகத்தில் 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. எனவே நூலகத்தில் உள்ள இணையக் கணினி நம் அனைவருக்கும் பொதுவானது. அதைப் பயன்படுத்த அங்கே சில விதிகள் உண்டு. ஒவ்வொரு விதியின் பின்னாலும் ஓர் அயலார் நிற்கிறார்.

குறித்த நேரத்தில் எழுந்துவிடுங்கள். காத்திருப்பவருக்கு வேலைக்கு விண்ணப்பிக்க அதுவே கடைசி நாளாக இருக்கலாம்.

மின்னஞ்சல் பார்த்து முடித்ததும் 'லாக் அவுட்' செய்யுங்கள். திரையை மூடினால் மட்டும் போதாது. கணக்கு திறந்தே இருக்கக்கூடும். கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கணினி கேட்டால், வேண்டாம் என்றே சொல்லுங்கள். பதிவிறக்கிய ஆதார் நகல், மதிப்பெண் சான்றிதழ் போன்றவற்றை அழித்து, 'ரீசைக்கிள் பின்'னையும் காலி செய்யுங்கள். வங்கிப் பணப் பரிமாற்றத்தை அங்கே தவிர்ப்பது நலம்.

நமக்கு முன் அமர்ந்தவர் தம் கணக்கை மூடாமல் போயிருந்தால்? ஒரு பெண்ணின் கடிதமோ, ஒரு குடும்பத்தின் புகைப்படமோ நம் கண்முன் இருக்கலாம். படிக்காமல், பகிராமல், உடனே மூடிவிடுவதே கிறிஸ்தவக் கடமை. யாரும் பார்க்காத அந்த நொடியில்தான் நம் மனச்சான்று சோதிக்கப்படுகிறது.

சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவை 2002இல் வெளியிட்ட 'இணையத்தில் அறநெறி' என்னும் ஏடு, ஊடகப் பயன்பாட்டுக்கு மனிதரும் மனித சமூகமுமே அளவுகோல் என்று கற்பிக்கிறது. பிறர் நமக்குச் செய்யவேண்டும் என்று நாம் விரும்புவதையே நாம் அவர்களுக்குச் செய்யவேண்டும் என்ற இயேசுவின் போதனை (மத் 7:12) கணினி முன்னும் பொருந்தும்.

பெற்றோரே, இதை உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். நாம் விட்டு எழும் இருக்கை, அடுத்து அமர்பவருக்குப் பாதுகாப்பானதாக இருக்கட்டும்.