காயிலோவர் வாங்கப் போறீங்களா? எவ்வளவு இறங்கும்னு கேட்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய முதல் மாதத்திலேயே பலருக்குக் கண்ணை உறுத்துவது, டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளி. "கொஞ்சம் இறக்கினா செமயா இருக்கும்ல?" காயிலோவர் தேடல் பெரும்பாலும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

பல ஆயிரம் ரிங்கிட் போகலாம். பணம் போனால் சம்பாதிக்கலாம். ஆனால் பொருந்தாத செட்டைப் போட்டுவிட்டு, மழை பெய்த காராக் நெடுஞ்சாலையில் மேடுபள்ளமான ஒரு வளைவை எடுக்கும்போது, டயர் தரையை விட்டுத் துள்ளினால் என்ன ஆகும்? உங்கள் காரைச் சாலையோடு பிடித்து வைத்திருப்பது நான்கு டயர்கள் மட்டுமே. ஒவ்வொன்றும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு காரை வைத்துப் பேசுவோம். டொயோட்டா ஜிஆர்86. தினமும் கோலாலம்பூரில் வேலைக்குப் போய்வருகிறது, வாரக் கடைசியில் கெந்திங் மலை ஏறுகிறது, தீபாவளிக்கு அம்மாவை ஏற்றிக்கொண்டு ஈப்போ போகிறது, வருடத்தில் ஓரிரு முறை சிப்பாங் பந்தயத் தடத்தை எட்டிப்பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காயிலோவர்னா என்ன?

அப்சார்பரைச் சுற்றி ஸ்பிரிங் அமர்ந்து, இரண்டும் ஒரே பொருளாக இருப்பதுதான் காயிலோவர். பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். ஜிஆர்86-இன் முன்பக்கத்தில் இருப்பது மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். அதாவது தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஸ்பிரிங் அப்சார்பரைச் சுற்றித்தான் இருக்கிறது. நீங்கள் கூடுதலாகப் பணம் கொடுப்பது இரண்டு விஷயங்களுக்கு: திருகி உயரத்தை மாற்றும் வசதி, ஸ்பிரிங்கையும் அப்சார்பரின் குணத்தையும் நீங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை.

இந்த இரண்டாவதைத்தான் 'கஸ்டம்' என்கிறோம். உங்கள் எடை, உங்கள் டயர், நீங்கள் ஓட்டும் சாலை ஆகியவற்றைக் கேட்டுவிட்டு, அதற்கேற்ற ஸ்பிரிங்கைப் போட்டு, அப்சார்பரின் உள்ளே இருக்கும் வால்வுகளை அதற்கேற்ப அமைத்துத் தருவது. நிறத்தை மாற்றி உங்கள் பெயரைப் பொறித்துக் கொடுத்தால் அது கஸ்டம் ஆகாது, அலங்காரம்தான்.

'8கே' என்ற எண் சொல்வது என்ன?

கடைகளில் "முன்னாடி 8கே, பின்னாடி 8கே" என்பார்கள். ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அழுத்த 8 கிலோ எடை வேண்டும் என்று பொருள். எண் கூடக் கூட ஸ்பிரிங் கடினமாகும். இரண்டும் 8 என்றால் முன்னும் பின்னும் சமம் என்றுதானே தோன்றும்? சமம் இல்லை.

காரணம், ஸ்பிரிங் சக்கரத்தின் மேல் நேராக உட்கார்ந்திருப்பதில்லை. சக்கரம் 10 மில்லிமீட்டர் ஏறும்போது ஸ்பிரிங் அதைவிடக் குறைவாகவே அழுந்தும். அந்த விகிதத்தை மோஷன் ரேஷியோ என்பார்கள். சக்கரம் உணரும் கடினத்தைக் கணக்கிட, ஸ்பிரிங் எண்ணை இந்த விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும்.

கணக்குக்காக முன்பக்கம் 0.95, பின்பக்கம் 0.75 என்று எடுத்துக்கொள்வோம். 8கே ஸ்பிரிங் முன்சக்கரத்தில் ஏறக்குறைய 7.2 ஆகிறது. பின்சக்கரத்தில் 4.5 மட்டுமே. ஒரே ஸ்பிரிங், ஆனால் சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதில் இவ்வளவு வித்தியாசம்.

இப்போது அதை அதிர்வெண்ணாக மாற்றிப் பாருங்கள். சாலையில் ஒரு மேட்டில் ஏறியதும் கார் நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆட முயலும் என்பதுதான் அது. வீட்டுக் கார்கள் 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு 1.5 முதல் 2. இறக்கை வைத்துக் காற்றழுத்தத்தை நம்பாத பந்தயக் கார்களுக்கு 2 முதல் 2.5.

ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ இருப்பதாக வைத்துக்கொண்டால், 8கே போட்ட முன்பக்கம் 2.4 ஹெர்ட்ஸ் வருகிறது. பந்தயக் காரின் எண் அது! வேலைக்குப் போகும் காருக்கு, தாமானுக்குள் வீட்டுக்கு வீடு இருக்கும் பம்ப்புகளுக்கு, இது தேவையா? அதே முன்பக்கத்தில் 4கே போட்டால் 1.7. பின்பக்கத்தில் 7கே போட்டால் 1.8. தாளில் '4-7' பார்க்க விநோதமாகத்தான் இருக்கும். ஆனால் சக்கரத்தில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். பின்பக்கம் சற்றே வேகமாக ஆடுவதால், முன்சக்கரம் முதலில் ஏறிய மேட்டின் ஆட்டத்தைப் பின்பக்கம் எட்டிப் பிடித்துவிடும். கார் முன்னும் பின்னும் ஊஞ்சலாடாது.

இவை கணக்குப் புரிவதற்கான எண்கள். ஆன்ட்டி-ரோல் பார், டயர் எல்லாம் சேர்ந்துதான் கடைசி முடிவு. ஆனால் விற்பவரிடம் "இந்த ஸ்பிரிங்குக்கு முன்னாடி எத்தனை ஹெர்ட்ஸ், பின்னாடி எத்தனை?" என்று கேளுங்கள். பதில் வருகிறதா, சிரிப்பு வருகிறதா என்பதை வைத்தே கடையை எடை போட்டுவிடலாம்.

பணம் போக வேண்டிய இடம் அப்சார்பர்

ஸ்பிரிங் ஆற்றலைச் சேமிக்கும். ஆட்டத்தை அடக்குவது அப்சார்பர். உள்ளே பிஸ்டன் எண்ணெய்க்குள் நகர, ஷிம் எனப்படும் மெல்லிய உலோகத் தகடுகள் வளைந்து எண்ணெய்க்கு வழிவிடும். அந்தத் தகடுகளின் அடுக்கை மாற்றுவதைத்தான் வால்விங் என்கிறார்கள்.

இங்கே பலரும் குழம்பும் ஒரு விஷயம் இருக்கிறது. 'லோ ஸ்பீட்', 'ஹை ஸ்பீட்' என்று சொல்வது காரின் வேகத்தை அல்ல, பிஸ்டனின் வேகத்தை. வளைவில் கார் மெல்லச் சாய்வது லோ ஸ்பீட். 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்க் குழியில் விழுந்தாலும் அது ஹை ஸ்பீட்தான்.

சாலைக் காருக்கு நல்ல அப்சார்பர் வளைவில் இறுக்கமாகவும் குழியில் இளக்கமாகவும் இருக்க வேண்டும். "30 கிளிக் இருக்கு அண்ணே" என்று காட்டப்படும் அந்தத் திருகு, பெரும்பாலான செட்களில் லோ ஸ்பீடை மட்டுமே கணிசமாக மாற்றும். குழியில் உங்கள் முதுகு என்ன ஆகும் என்பது உள்ளே இருக்கும் தகடுகளின் கையில். கஸ்டம் வால்விங்குக்குப் பணம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது என்றால் இதனால்தான்.

மற்றொன்று ரீபவுண்ட். அழுந்திய ஸ்பிரிங் மறுபடி விரியும் வேகத்தை அதுதான் கட்டுப்படுத்தும். கார் ஆடக் கூடாது என்று அதை முழுக்க இறுக்கினால், தொடர்ச்சியான மேடுகளில் ஸ்பிரிங் விரிந்து முடிப்பதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். கார் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அமுங்கிக்கொண்டே போகும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு இது 'கடினமான ஸ்பிரிங்' போலவே தெரியும். அதனால்தான் சிலர் ஸ்பிரிங்கை மாற்றி மாற்றிப் பார்த்தும் பிரச்சினை தீர்வதில்லை.

எவ்வளவு இறக்கலாம்?

20 முதல் 25 மில்லிமீட்டர். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. படத்தில் பார்க்க ஏமாற்றமாக இருக்கும், தெரியும்.

இறக்கினால் சக்கரம் மேலே ஏறுவதற்கான இடம் குறையும். இடம் தீர்ந்ததும் பம்ப் ஸ்டாப் எனப்படும் நுரைக்கட்டையில் இடிக்கும். அந்த நொடியில் ஸ்பிரிங்கின் கடினம் பல மடங்கானது போலாகிவிடும். நேர்ச் சாலையில் அது வெறும் குலுக்கல். வளைவின் நடுவே, ஈரத்தில், ஒரு பக்கம் மட்டும் இடித்தால் அந்தப் பக்க டயர் பிடியை இழக்கும்.

மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்டில் இன்னொரு வினை. அதிகம் இறக்கும்போது கீழ்க்கை மேல்நோக்கிச் சாயும். கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது காரை விட வேகமாகக் கீழே இறங்கிவிடும். கார் தாழ்ந்திருக்கும், ஆனால் வளைவில் சாய முன்பைவிடத் துடிக்கும். அதை அடக்க இன்னும் கடினமான ஸ்பிரிங் போடுவார்கள். பிறகு கார் துள்ளும்.

முடிந்தால் ஸ்பிரிங் தட்டை மட்டுமின்றி, அடிப்பகுதியையும் தனியாகத் திருகி நீளத்தை மாற்றக்கூடிய செட்டைத் தேடுங்கள். அதில் உயரத்தைக் குறைத்தாலும் அப்சார்பரின் ஓட்டம் குறையாது. ஆனால் டயர் ஃபெண்டரில் உரசுகிறதா என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். "பிரீலோட் ஏத்தினா ஸ்பிரிங் ஹார்டாகும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வழக்கமான நேர் ஸ்பிரிங்கில் 4கே எப்போதும் 4கேதான்.

பிராண்டு முக்கியமா?

ஓரளவுக்கு. ஸ்வீடனின் ஓலின்ஸ், ஜெர்மனியின் பில்ஸ்டைன், கேடபிள்யூ, ஜப்பானின் டெயின், தைவானின் பிசி ரேசிங், நம் ஊர் ஹாட் பிட்ஸ் என்று தேர்வுகள் நிறைய. ஆனால் அப்சார்பர் தேயும் பொருள். சீல் கசியும், எண்ணெய் பழசாகும். உள்ளூரில் பிரித்துச் சரிசெய்ய ஆள் இருக்கிறாரா, உதிரிப்பாகம் எத்தனை நாளில் வரும் என்பது பெயரைவிட முக்கியம். பட்டறையில் ஷாக் டைனோ இருந்தால் உங்கள் நான்கு அப்சார்பர்களின் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். இடதும் வலதும் ஒரே கோட்டில் இல்லையென்றால் பொருளைத் திருப்பிக் கொடுங்கள்.

பில்லோபால் மேல்மவுண்ட் பற்றியும் ஒரு வார்த்தை. ரப்பருக்குப் பதில் உலோகம் என்பதால் ஸ்டீயரிங் துல்லியமாகும். கூடவே 'டக் டக்' சத்தமும் வரும். ஈப்போ வரைக்கும் அம்மா அதைக் கேட்டுக்கொண்டு வருவாரா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஜே.பி.ஜே, காப்புறுதி

மலேசியாவில் வாகனத்தின் கட்டமைப்புக்கு 1959ஆம் ஆண்டின் மோட்டார் வாகனக் கட்டமைப்பு, பயன்பாட்டு விதிகள் உண்டு. அதனால் வாங்குவதற்கு முன்பே உங்கள் மாற்றத்துக்கு அனுமதி தேவையா என்று சாலைப் போக்குவரத்துத் துறையிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவையுங்கள். "எல்லாரும் போட்டிருக்காங்க, ஒண்ணும் ஆகாது" என்று ஃபோர்மேன் சொல்வது அனுமதி ஆகாது. காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும்போது எழும் முதல் கேள்வியாக இருக்கலாம். பழைய ஸ்பிரிங்கையும் அப்சார்பரையும் தூக்கிப் போடாதீர்கள். காரை விற்கும்போது தேவைப்படும்.

போட்ட பிறகு

உயரம் மாறினால் சக்கரக் கோணங்களும் மாறும். அலைன்மென்ட் செய்யாமல் ஓட்டினால் புது டயர் சில மாதங்களில் உள்பக்கமாகத் தேய்ந்துவிடும். அலைன்மென்ட் செய்யும்போது ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு ஏதாவது வைக்கச் சொல்லுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஸ்பிரிங் கொஞ்சம் படியும். அப்போது மறுபடி போய் உயரத்தை அளந்து, பூட்டு வளையங்கள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அதுவரை திருகைத் தொட வேண்டாம். பிறகு தொடும்போது, தெரிந்த ஒரே சாலையில், ஒரே வேகத்தில், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். எத்தனை கிளிக் என்பதைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். சிப்பாங்குக்கு ஓர் எண், வீட்டுச் சாலைக்கு வேறோர் எண் என்று ஆகும். திரும்பி வரும் வழியில் மறக்காமல் மாற்றிவிடுங்கள்.