குளிருக்கு ஒரு டயர்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பதிவான கார்கள் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயரில்தான் ஓட வேண்டும். 2008இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இது. மீறினால் 200 முதல் 300 டாலர் வரை அபராதம். அந்த மாகாணத்தின் மாண்ட்ரியல் நகரிலிருந்து 540 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டொரொன்டோவில் இந்தக் கட்டாயம் இல்லை. அங்கே, ஒன்ராறியோ மாகாணத்தில், குளிர்கால டயர் மாட்டியவருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் சலுகை தர வேண்டும் என்று 2016இல் விதி வந்தது. மாட்டுவதும் மாட்டாததும் உரிமையாளர் விருப்பம். சட்டம் மாகாண எல்லையில் மாறுகிறது; பனி மாறுவதில்லை. இரு நகரங்களிலும் உறவினரை வைத்துக்கொண்டு கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் அவற்றுக்கிடையே நெடுஞ்சாலையில் போய்வரும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம்.

யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ கார் ஓட்டிப் பழகியவருக்கு டயரைப் பற்றி இரண்டு கவலைதான் இருந்திருக்கும்: பட்டன் தேய்ந்துவிட்டதா, காற்று சரியாக இருக்கிறதா. குளிர் நாட்டில் மூன்றாவது கேள்வி ஒன்று சேர்கிறது. இந்த ரப்பர் எந்தக் குளிர்வரை ரப்பராகவே இருக்கும்?

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடப்பதைப் பார்த்திருப்போம். ரப்பர் அப்படி ஒரேயடியாக உறைவதில்லை. குளிர ஆரம்பித்ததும் கொஞ்சம் கொஞ்சமாக விறைக்கிறது. கோடைக்காகச் செய்த டயர் ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே வளைந்து கொடுக்கும் தன்மையை இழக்கத் தொடங்குகிறது. சாலையின் சொரசொரப்புக்குள் அமுங்கிப் பிடிக்க வேண்டிய ரப்பர், மரக்கட்டைபோல மேலாக உரசிச் செல்கிறது. ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். ஒன்றரை டன் எடையுள்ள காரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அந்த நான்கு உள்ளங்கைகளே. ஆகவே பனி விழாத, காய்ந்த சாலையிலும் கடுங்குளிர் இருந்தால் கோடை டயரின் பிடி குறையும். குளிர்கால டயரில் இயற்கை ரப்பரும், மிகத் தாழ்ந்த வெப்பநிலையிலும் இளகியே இருக்கும் செயற்கை ரப்பர்களும், சிலிக்காவும் கலக்கப்படுகின்றன. உறைநிலைக்குப் பல டிகிரி கீழேயும் அது மிருதுவாக இருக்கும்.

கலவைக்கு அடுத்தது பட்டனின் வடிவம். குளிர்கால டயரின் ஒவ்வொரு பட்டன் கட்டியிலும் பிளேடால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள் இருக்கும். சக்கரம் உருளும்போது அவை விரிந்து மூடி, நூற்றுக்கணக்கான சிறு விளிம்புகளாகப் பனியைக் கவ்வுகின்றன. பெரிய பள்ளங்களில் பனி அடைத்துக்கொள்வது குறை என்று தோன்றலாம். அது அந்த டயரின் பலம். பனி ரப்பரைவிடப் பனியோடு நன்றாக ஒட்டும். பனியுருண்டை செய்து விளையாடிய எந்தக் குழந்தைக்கும் இது தெரியும்.

பனிக்கட்டியின் கதை வேறு. அதன் வழுக்கல் மிக மோசமாக இருப்பது கடுங்குளிரில் அல்ல, பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டித்தான். அப்போது கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கிறது. டயருக்கும் கட்டிக்கும் நடுவே இருக்கும் அந்த நீரை அகற்றுவதுதான் டயர் செய்பவர்களின் பெரும்பாடு.

குளிர்காலத்துக்கென்று டயர் செய்ய முதலில் இறங்கியது பின்லாந்து. அங்கே நோக்கியா என்ற ஊரில் இயங்கிய ரப்பர் ஆலை 1934இல் லாரிகளுக்கான குளிர்கால டயரை உருவாக்கியது. 1936இல் கார்களுக்கும் ஒன்று வந்தது. பதினேழாம் நூற்றாண்டுப் போர்களில் பெயர் பெற்ற பின்லாந்துக் குதிரைப்படையின் நினைவாக அதற்கு ‘ஹக்காபெலிட்டா’ என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயரில் இன்றும் டயர் விற்பனையாகிறது. பிற்காலத்தில் கைப்பேசியால் உலகறிந்த நோக்கியா நிறுவனம், 1967இல் அந்த ரப்பர் ஆலையும் வேறிரு நிறுவனங்களும் இணைந்து உருவானது. 1988இல் டயர்த் தொழில் தனி நிறுவனமாகப் பிரிந்தது.

பனிக்கட்டியைப் பிடிக்க நேரடி வழி, டயரில் உலோக ஆணி பதிப்பது. பின்லாந்து, சுவீடன், நார்வே சாலைகளில் ஆணி டயர்கள் இன்றும் ஓடுகின்றன. ஆனால் ஆணி பனியை மட்டுமா கீறும்? தார்ச் சாலையையும் சுரண்டித் தூசியாக்கும். ஜப்பானின் வடக்கு நகரங்களில் 1980களில் அந்தத் தூசி மக்களின் மூச்சுக்கே கேடாயிற்று. 1990இல் ஜப்பான் சட்டமியற்றி ஆணி டயரைக் கட்டுப்படுத்தியது. அதற்குச் சற்று முன்பு, 1988இல், பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் ‘பிளிசாக்’ என்ற ஆணியில்லா டயரைக் கொண்டுவந்திருந்தது. அதன் ரப்பரில் பஞ்சில் இருப்பதுபோல நுண்துளைகள் உண்டு. கட்டியின் மேலுள்ள நீரை அவை உள்ளிழுத்துக்கொள்ள, ரப்பர் கட்டியை நேராகத் தொடுகிறது. ஒன்ராறியோவிலும் மாகாணவாசிகளில் வடபகுதியினருக்கு மட்டுமே ஆணி டயருக்கு அனுமதி. டொரொன்டோவாசிகள் ஆணியில்லா டயரைத்தான் வாங்க வேண்டும்.

கடைக்குப் போனால் முதலில் தேட வேண்டியது எழுத்தை அல்ல, படத்தை. மூன்று சிகரங்கள் கொண்ட மலை, அதற்குள் ஒரு பனிப்பூ. குறிப்பிட்ட பனிச் சோதனையில் ஒப்பீட்டு டயரை நிர்ணயித்த அளவு விஞ்சிய டயருக்கே இந்த முத்திரை கிடைக்கும். ‘எம்+எஸ்’ என்ற எழுத்துகள் சேற்றையும் பனியையும் குறிப்பவை. ஆனால் அவற்றைப் பொறிக்க அப்படியொரு சோதனையில் தேற வேண்டியதில்லை. ‘ஆல் சீசன்’ என்று விற்கப்படும் பல டயர்களில் இவை மட்டுமே இருக்கும். கியூபெக் சட்டம் 2014 டிசம்பர் முதல் ஆணியில்லா டயர்களில் மலை முத்திரை உள்ளதைத்தான் ஏற்கிறது. ஜெர்மனியிலும் ‘எம்+எஸ்’ மட்டும் உள்ள டயருக்கு அளித்திருந்த சலுகைக்காலம் 2024 செப்டம்பரோடு முடிந்தது.

மலை முத்திரை பனியில் பிடிக்கும் என்பதற்குத்தான் சான்று, பனிக்கட்டிக்கு அல்ல. மாண்ட்ரியல்போல மாதக்கணக்கில் உறைந்து கிடக்கும் ஊருக்கு, நார்டிக் வகை எனப்படும் மிக மிருதுவான டயர் ஏற்றது. வான்கூவர்போலக் குளிர்மழை அதிகமும் பனி குறைவுமான ஊருக்கு, மலை முத்திரையுள்ள ‘ஆல் வெதர்’ டயர் பலருக்குப் போதும். ‘ஆல் சீசன்’ வேறு, ‘ஆல் வெதர்’ வேறு. பெயர் ஒன்றுபோல ஒலிப்பதால் கடையில் குழம்புகிறவர்கள் நிறையப் பேர்.

செலவை மிச்சப்படுத்த இரண்டு டயர் மட்டும் வாங்குவது ஆபத்தான சிக்கனம். முன்சக்கரங்கள் நன்றாகப் பிடிக்க, பின்சக்கரங்கள் வழுக்கினால், வளைவில் காரின் பின்புறம் வெளியே வீசப்பட்டு வண்டியே சுழன்றுவிடும். நான்கையும் ஒரே வகையில் மாற்ற வேண்டும். நான்கு சக்கர இழுவை உள்ள வண்டி வைத்திருப்போருக்கும் இதுவே பொருந்தும். அந்த வசதி வண்டியைக் கிளப்பத்தான் உதவும். பிரேக் போடும்போது எல்லாக் கார்களும் டயரை நம்பியே நிற்கின்றன.

இனி ரிம். ஒரே ரிம்மில் ஆண்டுக்கு இருமுறை டயரைக் கழற்றி மாட்டினால் டயரின் விளிம்பு பழுதாகலாம், ஒவ்வொரு முறையும் பேலன்சிங் செலவும் உண்டு. குளிர்கால டயருக்கென்று நான்கு ரிம் தனியாக வாங்கிவிட்டால் நட்டைக் கழற்றிச் சக்கரத்தையே மாற்றிவிடலாம். சாலையில் கொட்டும் உப்பிலிருந்து நல்ல அலாய் வீலும் தப்பும். அதனால்தான் கறுப்பு ஸ்டீல் ரிம்கள் கனடாவில் குளிர்காலக் காட்சி. அவை கனமானவை, துருப்பிடிப்பவை. ஆனால் விலை குறைவு. பனி மூடிய குழியில் இடித்தால் உடைவதைவிட நெளியவே வாய்ப்பு அதிகம்.

அளவிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 225/45 ஆர்17 என்றால் அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், ரிம் 17 அங்குலம். இதன் மொத்த விட்டம் ஏறத்தாழ 634 மில்லிமீட்டர். 205/55 ஆர்16 டயருக்கு 632, 195/65 ஆர்15 டயருக்கு 634.5. மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரம் என்பதால் வேகமானி பிசகாது. குளிர்காலத்துக்கு ஒரு படி சிறிய ரிம்மும் ஒடுங்கிய டயரும் பொதுவாக நல்லது. ஒடுங்கிய டயர் பனிக்குழம்பை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும். அகலமானது மேலே மிதக்கும். உயரமான பக்கச் சுவர் குழியின் அடியையும் தாங்கும். ஆனால் பெரிய பிரேக் உள்ள காருக்குச் சிறிய ரிம் உள்ளே இடிக்கலாம். கார்க் கையேட்டில் அனுமதித்த அளவுகளுக்குள்தான் இறங்க வேண்டும்.

ரிம்மில் ஐந்து துளை இருப்பதைப் பார்த்துப் பொருந்தும் என்று முடிவு செய்துவிடக் கூடாது. துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் சில கார்களில் 100 மில்லிமீட்டர், சிலவற்றில் 114.3. நடுத்துளையின் அளவும், ரிம் உள்வாங்கியிருக்கும் அளவும் ஒத்துப்போக வேண்டும். நட்டின் கூம்பு வடிவமும் ரிம்முக்கேற்றதாக இருக்க வேண்டும். டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண் கார் நிறுவனம் சொன்னதற்குக் குறையக் கூடாது. 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும்.

பழைய டயர் வாங்குவோர் பக்கச் சுவரில் உள்ள தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் படிக்க வேண்டும். 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்தது. பட்டனின் ஆழத்தையும் அளந்து பார்க்க வேண்டும். ஆஸ்திரியாவில் 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தது குளிர்கால டயராகவே கணக்கில் வராது.

மாட்டிய பிறகும் இரண்டு வேலை பாக்கி. நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி சரியான இறுக்கத்துக்கு முடுக்க வேண்டும். காற்றையும் அடிக்கடி பார்க்க வேண்டும். 20 டிகிரியில் 33 பி.எஸ்.ஐ. நிரப்பிய டயர், மைனஸ் 15 டிகிரியில் ஏறத்தாழ 27ஆக இறங்கியிருக்கும். ஓட்டை எதுவும் இல்லை. உள்ளிருக்கும் காற்று குளிரில் சுருங்கிவிட்டது, அவ்வளவுதான். வசந்தம் வந்ததும் கழற்றிவிட வேண்டும். மிருதுவான அந்த ரப்பர் சூடான தார்ச் சாலையில் வேகமாகத் தேயும், பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும்.

முதல் பனி விழுந்த மறுநாள் டயர் கடைகளில் வரிசை நீண்டுவிடும், தேடும் அளவும் தீர்ந்துபோகும். கனடாவில் முதல் குளிர்காலத்தை எதிர்பார்த்திருக்கும் குடும்பம் என்றால் அக்டோபரிலேயே கடையில் நாள் குறித்துவிடுங்கள். மலை முத்திரையைக் கையால் தொட்டுப் பார்த்து, நான்கு டயர்களையும் ஒன்றாகவே மாட்டுங்கள்.